கணினிகளைப் பழுதாக்கியது யோகேஸ்வரி அல்ல

போன கிழமை சர்மிளா தொலைபேசியில் எனக்கு ஒரு சுற்றறிக்கையை வாசித்துக் காட்டினாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் பயிற்சி நிலையத்தின் கணினிக்கூடத்தைப் பொறுப்பெடுத்தவள் அவள். இனிமேல் எங்களிடம் படிக்க வருகிற பயிற்சியாளர் எவரும் கணினியில் எதையும் நிறுவக்கூடாதாம். நிரல் எழுதுவதற்கு என்ன கருவி வேண்டுமென்றாலும் தலைமையகம் தயாரித்து அனுப்புவதைத்தான் பாவிக்க வேண்டுமாம். சரி, பூட்டி வைக்க விருப்பமென்றால் பூட்டி வைக்கட்டும், எனக்கென்ன. ஆனால் அதற்குக் காரணம் என்று ஒரு வரி எழுதியிருக்கிறார்கள் பாருங்கள், அதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முன்னர் திருகோணமலை நிலையத்தில் பயிற்சியாளர் ஒருவரின் பொறுப்பற்ற செயலால் கணினிகள் அனைத்தும் செயலிழந்தமையைக் கருத்திற்கொண்டு" என்று இருக்கிறது.

"மிஸ், உது ஆர் அந்தப் பயிற்சியாளர்? உங்கட காலத்திலயோ நடந்தது?" என்று சர்மிளா கேட்டாள்.

ஓம், என்னுடைய காலத்தில்தான். என் கண்ணுக்கு முன்னால்தான். ஆனால் செய்தது பயிற்சியாளர் அல்ல. இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பொய்யைத் தலையில் தூக்கிக்கொண்டு திரிகிறார்களே, கொஞ்சமாவது வெட்கம் இருக்கிறதா? நான் உயிரோடு இருக்கும்போதே இப்படி என்றால், செத்த பிறகு இது வரலாறாகவே ஆகிவிடும். அதனால் எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெயர் பவானி. அன்புவழிபுரத்தில் பிறந்து, தட்டச்சுப் படித்து, பிறகு கணினி டிப்ளோமா படித்து, கொழும்பில் ஒரு வருடம் பயிற்சி எடுத்துத் திரும்பி வந்து, துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கிற இந்த நிலையத்தில் போதனாசிரியராகச் சேர்ந்தேன். வேலை செய்த காலம் முழுவதும் அங்கேதான். எங்களுக்கு வந்தவையெல்லாம் வேறு அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகள். அவற்றில் போட விலை கொடுத்து மென்பொருள் வாங்க வழியில்லை. அதனால் இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் இயங்குதளம். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்து, பாவம் என்பதுபோல ஒரு முகம் காட்டுவார்கள். எங்களிடம் படித்த பிள்ளைகள் ஒரு வெறும் கணினியைக் கொடுத்தால், நிரலைக் கணினிக்கு விளங்குகிற மொழிக்கு மாற்றுகிற கொம்பைலர் முதற்கொண்டு எல்லாவற்றையும் தாங்களே போட்டு, நிரல் எழுதி ஓட்டிக் காட்டுவார்கள். அந்த முகம் காட்டினவர்களில் எத்தனை பேருக்கு அது ஏலும்?

எங்கள் நிலையப் பொறுப்பதிகாரி சிவபாதம் சேர். தம்பலகாமத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். வழியில் யானை நின்றால் பிந்துவார், இல்லாவிட்டால் எங்கள் எல்லோருக்கும் முதல் வந்து கதவடியில் நிற்பார். இளவயதில் துறைமுகப் பக்கம் ஒரு பட்டறையில் பாரந்தூக்கியோடு வேலை செய்தவர், பிறகு படித்து இந்தப் பக்கம் வந்தவர். கணினிக்கூடத்துக்குள் வந்தால் கதிரையில் இருக்கமாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்பார். விசைப்பலகையில் ஒரு நாளும் கை வைத்ததில்லை. நாங்கள் செய்தது சரியென்றால் "ம்" என்பார். அந்த "ம்" கிடைத்தால் அன்றைக்கு எங்களுக்குக் கொண்டாட்டம்தான்.

அவர் வைத்திருந்த ஒரு விதியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது. லினக்ஸில் ஏதாவது ஒன்றை நிறுவவோ நீக்கவோ கட்டளை அடித்தால், அது உடனே செய்யாது. முதலில் ஒரு பட்டியல் காட்டும். புதிதாக என்னென்ன வரப்போகிறது, கூடவே என்னென்ன நீக்கப்படப்போகிறது என்று வரிசையாகப் போடும். போட்டுவிட்டு, தொடரட்டுமா, ஓமா இல்லையா என்று கேட்டுக்கொண்டு நிற்கும். அநேகமான ஆட்கள் அதைப் பார்ப்பதே இல்லை. ஓம் என்று அடித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார்கள். எங்கள் நிலையத்தில் அது நடக்காது.

"பிள்ளை, வாசி."

"எல்லாம் சரியாத்தான் கிடக்கு சேர்."

"சரியோ பிழையோ எண்டு நான் கேக்கேல்ல. வாசி எண்டனான்."

நீக்கப்படப்போகிறவை எல்லாவற்றையும் வாய்விட்டு வாசிக்க வேண்டும். பக்கத்தில் இன்னொரு ஆள் நின்று கேட்க வேண்டும். கேட்ட ஆள் "சரி" என்று சொன்ன பிறகுதான் ஓம் அடிக்கலாம். தனியாக ஒருவரும் நிறுவக்கூடாது. பட்டறையில் பாரம் தூக்கும்போது மேலே இருக்கிறவன் சொல்ல, கீழே நிற்கிறவன் திருப்பிச் சொன்ன பிறகுதான் கம்பி அசையுமாம். அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்து கணினிக்குப் போட்டிருந்தார்.

"கண் எல்லாத்தையும் தாண்டி ஓடிப்போகும். வாய்க்கு ஒவ்வொண்டாத்தான் வரும்" என்பார்.

பிள்ளைகள் இதற்குத் தேவாரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். "மிஸ், தேவாரம் தொடங்கட்டோ?" என்று கேட்டுவிட்டு, வாயில் நுழையாத அந்தப் பெயர்களை இழுத்து இழுத்துப் பாடுவார்கள். சிரிப்பு என்றால் சிரிப்பு. ஆனால் ஒருமுறை ஒரு தரவுத்தளக் கருவியைப் போடப்போனபோது, நீக்கப்படுகிற வரிசையில் தமிழ் எழுத்துருவின் பெயர் வந்தது. வாசித்துக்கொண்டிருந்த பிள்ளை "ஐயோ மிஸ், தமிழ் போகப்போகுது" என்று கையை எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு எவரும் பாட்டை இடையில் நிறுத்தச் சொன்னதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் கணினிகளுக்குள் நேரத்தைக் காக்கிற சின்னப் பற்றரி அடிக்கடி செத்துப்போகும். உப்புக் காற்றில் எதுதான் தாங்கும். பற்றரி செத்தால் கணினி பல வருடம் பின்னால் போய் நின்றுகொள்ளும். அந்தத் திகதியோடு எதையும் இறக்கப்போனால், இந்தக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்று மறுத்துவிடும். புதிதாக வந்த போதனாசிரியர்கள் இணைப்பைப் பழி சொல்லி, வயரைக் கழற்றிப் பூட்டி நேரத்தை வீணாக்குவார்கள். எங்கள் பிள்ளைகள் முதலில் திகதியைப் பார்ப்பார்கள். பிறகு மென்பொருள் பொதிகளின் பட்டியலைப் புதுப்பிப்பார்கள். பிறகு கொம்பைலர், அதற்குப் பிறகு எழுதும் கருவி. கடைசியில் ஒரு குட்டி நிரலை எழுதி, கொம்பைல் பண்ணி, ஓட்டி, "வணக்கம் திருகோணமலை" என்று திரையில் வந்தால்தான் கணினி தயார். முதல் மாதம் இவை எல்லாம் படமில்லாத கறுப்புத் திரையில்தான் நடக்கும். மவுஸைத் தொட விடமாட்டேன்.

இப்படி எங்களிடம் படித்த ஓர் அணியில் இருந்தவள்தான் யோகேஸ்வரி. ஊர் வெருகல். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர், ஒரு மகள். மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்தவர்கள். இவளுக்கு முப்பது தாண்டியிருந்தது. விடியவே பஸ் எடுத்து மூதூர், கிண்ணியா என்று வந்து இறங்கும்போதே களைத்துப்போயிருப்பாள். ஆனால் கதிரையில் இருந்துவிட்டால் அசையமாட்டாள். அவளுக்கு ஒரு அவசரம் இருந்தது. துறைமுகப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் தொழினுட்ப உதவியாளர் வேலைக்கு ஆள் எடுக்க இருந்தார்கள். எங்கள் சான்றிதழ் வேண்டும், வயதெல்லையும் இருந்தது. அந்த முறை பரீட்சையில் சித்தியடைந்தால் அவள் விண்ணப்பிக்கலாம். அடுத்த முறை என்றால் வயது தாண்டிவிடும்.

"இந்த முறை விட்டா எனக்கு இல்லை மிஸ்" என்று அவள் வந்த முதல் மாதமே சொன்னாள்.

பரீட்சைக்கு முதல் நாள் தலைமையகத்திலிருந்து ஒரு ஆலோசகர் வந்தார். எல்லா நிலையங்களையும் ஒரே மாதிரி ஆக்குகிறார்களாம். அடுத்த அணிக்குப் பைதன் என்ற நிரல் மொழியும் படிப்பிக்க வேண்டும், அதற்குக் கணினிகளைத் தயார் செய்ய வேண்டுமாம். பரீட்சை சி மொழியில், அதற்கும் பைதனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நாளைக்குப் பரீட்சை, முடிந்த பிறகு செய்யலாமே என்றேன். ஏலாதாம். நிலாவெளிக் கடற்கரையில் அறை எடுத்திருந்தாராம், அடுத்த நாள் வேறு அலுவல் இருந்ததாம். வந்ததிலிருந்து புழுக்கம் புழுக்கம் என்று சட்டைக் கழுத்தை இழுத்துக்கொண்டே இருந்தார்.

யோகேஸ்வரி யன்னலடியில், மின்விசிறிக்குக் கீழே இருந்தாள். அவர் வியர்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து எழும்பினாள். "இதில இருங்கோ சேர், இதில காத்து வரும்" என்று தன் கதிரையைக் கொடுத்தாள். அவளுடைய பெயரில் திறந்திருந்த கணினி அப்படியே இருந்தது. அதில்தான் அவர் வேலையைத் தொடங்கினார். நிர்வாகக் கடவுச்சொல்லைச் சிவபாதம் சேர் சொல்லிக் கொடுத்தார்.

"இந்தக் கணினிகளில் இருக்கிற பைதன் மிகவும் பழையது மிஸ். முதலில் இதைக் கழற்ற வேண்டும்" என்றார்.

"புதுசைப் போடுங்கோ சேர், பழசைக் கழட்டாதேங்கோ. லினக்ஸ் தன்ர வேலைக்கே அதைத்தான் பாவிக்குது. புதுசைப் பக்கத்தில வேற இடத்தில போடலாம்."

"இரண்டு இருந்தால் பிள்ளைகள் குழம்புவார்கள்."

"எங்கட பிள்ளையள் குழம்பாயினம். சரி, அப்ப கட்டளையை அடிச்சுப்போட்டு அந்தப் பட்டியலை ஒருக்கா வாசிப்பம்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தால் விடிந்துவிடும் மிஸ். நான் எல்லாவற்றுக்கும் ஓம் என்று முன்கூட்டியே போட்டுவிடுகிறேன்" என்றார். அப்படி ஒரு வழியும் இருக்கிறது. கட்டளையோடு ஒரு எழுத்தைச் சேர்த்துவிட்டால் லினக்ஸ் கேள்வி கேட்காது. அவர் அதைச் சேர்த்தார். அதோடு விட்டாரா? அந்த ஒரு கணினியிலிருந்தே மற்ற எல்லாவற்றுக்கும் வலைப்பின்னல் வழியாக அதே கட்டளையை அனுப்பினார்.

நான் வாசலைப் பார்த்தேன். சிவபாதம் சேர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அங்கேதான் நின்றார்.

"சேர், வாசிக்காமல் அடிக்கிறார். சொல்லுங்கோ."

"விடு பிள்ளை. மேலிடத்து ஆள்."

பட்டியல் திரையில் ஓடிப்போனது. அந்த ஓட்டத்திலும் இரண்டு மூன்று பெயர்கள் என் கண்ணில் பட்டன. படத்திரை, அதில் திறக்கிற யன்னல்கள், வலையிணைப்பைப் பார்க்கிற பகுதி. எல்லாம் அந்தப் பழைய பைதனில் தங்கியிருந்தவை. அதை இழுத்ததும் சேர்ந்து வந்துகொண்டிருந்தன. "நிப்பாட்டுங்கோ, கோதாரி, நிப்பாட்டுங்கோ!" என்று நான் கத்தினேன். யோகேஸ்வரியும் மற்றப் பிள்ளைகளும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையை உயர்த்தி, அமைதி அமைதி என்பதுபோலக் காட்டினார். திறந்திருந்த திரைகள் உடனே போகவில்லை. அதனால் அவருக்குத் தன்மேல் நம்பிக்கை. பாருங்கள், ஒன்றும் ஆகவில்லையே என்றார். புதியதை நாளை கொழும்புத் தலைமையகத்திலிருந்தே வலையிணைப்பு வழியாகப் போட்டுவிடலாம் என்று சொல்லி, எல்லாக் கணினிகளையும் நிறுத்திவிட்டு நிலாவெளிக்குப் போனார்.

அடுத்த நாள் காலையில் கணினிகளைப் போட்டால், எல்லாத் திரையும் கறுப்பு. பெயரைக் கேட்கிற ஒற்றை வரி மட்டும். வலையிணைப்பும் இல்லை, ஆகவே இழந்தவற்றை இறக்கி மீளப் போடவும் வழியில்லை. ஆலோசகருக்கு எடுத்தால் தொலைபேசி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

பரீட்சகர் மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு அம்மா. உள்ளே வந்து பார்த்துவிட்டு வாயில் கை வைத்தார். "இதென்ன மிஸ்? இதில எப்பிடிப் பரீட்சை வைக்கிற?"

நான் பதில் சொல்ல முதல் யோகேஸ்வரி தன் இடத்தில் இருந்து பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்து உள்ளே போய்விட்டாள். கொம்பைலரின் பெயரை அடித்தாள். அது பதில் சொன்னது.

"மிஸ், கொம்பைலர் இருக்கு. அதுக்குப் பைதன் தேவையில்லைத்தானே. எழுதிறதுக்கு நானோவும் இருக்கு."

நானோ என்பது கறுப்புத் திரையிலேயே இயங்குகிற சின்ன எழுதும் கருவி. நான் மற்றக் கணினிகளையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் இரண்டும் இருந்தன.

பரீட்சகர் வினாத்தாளை எடுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "சி மொழியில நிரல் எழுதி ஓட்டிக் காட்ட வேணும் எண்டுதான் போட்டிருக்கு. திரை என்ன நிறம் எண்டு போடேல்ல. உங்களுக்கு ஏலுமெண்டா எழுதுங்கோ பிள்ளையள்."

எழுதினார்கள். ஐயா, எழுதினார்கள்! வள்ளங்களின் பெயரையும் மீனின் எடையையும் வாங்கி, கூடியதிலிருந்து குறைந்ததுக்கு ஒழுங்குபடுத்துகிற நிரல். அச்சுப்பொறியும் இல்லை. பரீட்சகர் ஒவ்வொரு பிள்ளையின் பின்னாலும் நின்று ஓட்டிக் காட்டச் சொல்லிப் புள்ளி போட்டார். யோகேஸ்வரியின் நிரலுக்கு வேண்டுமென்றே எடைக்குப் பதிலாக எழுத்துகளை அடித்துப் பார்த்தார். அது செயலிழந்து நிற்கவில்லை, எண் தா என்று திருப்பிக் கேட்டது. வெளியே வந்து பஸ்ஸுக்கு ஓடும்போது அவள் என் கையைப் பிடித்து, "மிஸ், சரிவந்திட்டுது" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு சந்தோசம்.

பிறகுதான் ஆலோசகரின் அறிக்கை வந்தது. கணினிகள் அனைத்தும் யன்னலடிக் கணினியிலிருந்து, யோகேஸ்வரி என்ற பயிற்சியாளரின் பெயரில் அனுப்பப்பட்ட கட்டளையால் பழுதாக்கப்பட்டன என்று எழுதியிருந்தார். அடப்பாவி! அவள் எழும்பிக் கொடுத்த கதிரையில் இருந்து, அவள் பெயரில் திறந்திருந்த கணினியில் அடித்துவிட்டு, அவள் பெயர் பதிவாகியிருக்கிறது என்கிறார். பரீட்சையை இரத்துச் செய்தார்கள். மட்டக்களப்பு அம்மா போட்ட புள்ளிகளைக் குப்பையில் போட்டார்கள்.

விசாரணை என்று மூன்று பேர் வந்தார்கள். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். நீங்கள் அவர்களுடைய ஆசிரியர், பக்கம் சார்ந்துதான் பேசுவீர்கள் என்றார்கள். பிள்ளைகள் சொன்னதைக் காதில் எடுக்கவே இல்லை. ஆலோசகருக்கு அடுத்த நிலையில் ஒரு சொல்லுக்கு மதிப்பிருந்தது என்றால் அது சிவபாதம் சேரின் சொல்லுக்குத்தான். கேட்டார்கள்.

"நான் வாசலில நிண்டனான். ஆர் அடிச்சது எண்டு காணேல்ல" என்றார்.

வெளியே வந்ததும் மறித்தேன். "சேர், நீங்கள் கண்டனீங்கள். நான் உங்களைக் கூப்பிட்டனான், நீங்கள் எனக்கு மறுமொழியும் சொன்னனீங்கள்."

"பென்சனுக்குக் கிட்ட நிக்கிறன் பவானி. இப்ப போய் மேலிடத்தோட கொழுவ ஏலாது."

எங்கள் எல்லோரையும் வாய்விட்டுச் சொல்லப் பழக்கின மனிசன். தனக்கு வாய் தேவைப்பட்ட அந்த ஒரு நாளில் அதை மூடிக்கொண்டார். அவருடைய "ம்"முக்காக ஏங்கின வருடங்களை நினைத்தால் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது. இன்றைக்கும் கோயிலில் கண்டால் கும்பிடுவார். நானும் கும்பிடுவேன். கதைக்கமாட்டேன்.

பிறகு ஒரு சமாதானம் கொண்டுவந்தார்கள். பயிற்சியாளர் எல்லோரும் தங்கள் கவனயீனத்துக்கு மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்து வைத்தால், உடனே மறுபரீட்சை வைப்பார்களாம். யோகேஸ்வரியின் வயதெல்லைக்கு முதல் முடிந்துவிடும். மற்றப் பிள்ளைகள் வைத்தார்கள். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன், பாவங்கள், எதிர்காலம் இருக்கிறது. யோகேஸ்வரி கடதாசியை வாங்கி, தொடக்கத்திலிருந்து முடிவுவரை அந்த அதிகாரிக்குக் கேட்கச் சத்தமாக வாசித்தாள். வாசித்துவிட்டு மேசையில் வைத்தாள்.

"இதில கிடக்கிற ஒண்டும் நான் செய்யேல்ல."

"தங்கச்சி, இது ஒரு சம்பிரதாயம்தானே. ஒரு கையெழுத்து. உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன்."

"சம்பிரதாயமெண்டா அந்த ஆலோசகர் சேர் வைக்கட்டும்."

அவளைப் பரீட்சைக்கு விடவில்லை. நான் இரண்டு முறை தலைமையகத்துக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். கோப்பு மூடியாயிற்று என்றார்கள். துறைமுகத்து வேலைக்கு வேறு யாரோ போனார்கள். ஆலோசகருக்கு என்ன நடந்தது என்று கேட்கிறீர்களா? பதவி உயர்வு நடந்தது.

யோகேஸ்வரி இப்போது வெருகலில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறாள். தொலைபேசிக்குக் காசு போடுவது, சனத்துக்கு இணையத்தில் விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுப்பது. கடையில் இருப்பது ஒரு பழைய கணினி, லினக்ஸ், எல்லாம் தானே போட்டது. இதை எழுதத் தொடங்க முதல் அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். சுற்றறிக்கையைப் பற்றிச் சொன்னேன்.

"நடந்ததை எழுதப்போறன் யோகேஸ். உனக்குக் கரைச்சல் வராமல், பேரைப் போடாமல், ஒரு பயிற்சியாளர் எண்டு எழுதட்டோ?"

கடைக்கு வந்த யாருக்கோ மிச்சக் காசு கொடுக்கிற சத்தம் கேட்டது.

"ஒரு பயிற்சியாளர் எண்டுதானே மிஸ் அவையும் எழுதியிருக்கினம்" என்றாள். "இஞ்ச சனத்துக்கு அது ஆரெண்டு தெரியும். என்ர பேரைப் போடுங்கோ. வெருகல் எண்டும் போடுங்கோ."

"யோசிச்சுத்தான் சொல்லுறியோ?"

"ஓம் மிஸ். மகள் இந்த வருசம் படிப்பு முடிச்சவள். உங்கட நிலையத்துக்குப் போட்டுவிடுறன் எண்டன். ஏலாதாம். அம்மா கொம்பியூட்டர் எல்லாம் உடைச்ச இடமாம், அங்க போய் ஆரின்ர பிள்ளை எண்டு சொல்லிறதாம். நான் உடைக்கேல்ல எண்டு எத்தின தரம் சொல்லிப்போட்டன். நான் சொன்னா நம்பிறாள் இல்லை மிஸ்."